புத்தகம் முந்தியா, தொடர் முந்தியா?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் முதல் சீசனை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் நாவலைப் படித்திருந்தேன், அவள் படிக்கவில்லை. எட்டு எபிசோடு வரைக்கும் இவர் யார், அவர் யாருக்கு மாமன் மச்சான் என்று ஓயாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நான், ஒன்பதாவதில் வாயே திறக்கவில்லை.

“ஏன், திடீர்னு பேச்சையே காணோம்?”

“ஒண்ணுமில்லையே.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். “இந்த ஆளைக் கொல்லப்போறாங்க, அதானே?”

கொன்றார்கள். இவர்தான் கதாநாயகன் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை போயிற்று. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் வெளியிட்ட நாவலிலேயே நடந்து முடிந்துவிட்ட மரணம் அது. 2011இல் தொடர் வரும் வரை 15 வருடம் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் என் மௌனம் அதை ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது.

தொடர் வருவதற்கு முன் புத்தகத்தைப் படித்துவிட வேண்டுமா, வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஐந்து நிமிடம்தான். அக்கா எதையோ இழந்தாள். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அவள் சோபாவின் நுனிக்கு நகர்ந்து, கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். அதிர்ச்சி போனது, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

(இனி வரும் பத்திகளில் சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அவிழ்க்காமல் இந்த விஷயத்தை எழுத முடியாது.)

பொதுவாக இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் விசுவாசப் பிரச்சினையாகவே இருக்கின்றன. படித்துவிட்டுப் பார்ப்பவர்கள் நல்ல பிள்ளைகள், படிக்காமல் பார்ப்பவர்கள் குறுக்கு வழிக்காரர்கள் என்று ஒரு கட்சி. பொழுதுபோக்குக்குப் பார்ப்பதற்கெல்லாம் வீட்டுப்பாடமா என்று எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் சண்டை சுவாரஸ்யமாகத்தான் இருக்கும், முடிவெடுக்க உதவாது. ஒரு கதையை முதல்முறையாகச் சந்திக்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். அதைப் புத்தகத்தில் செலவழித்தால் தொடரில் ஒன்று குறையும், தொடரில் செலவழித்தால் புத்தகத்தில் ஒன்று குறையும். எது குறைகிறது, குறைந்ததற்கு ஈடாக ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

முதலில் எல்லோரும் பயப்படும் விஷயம், கதை தெரிந்துவிடுவது. ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன மேஜை வெடிகுண்டு உதாரணம் இதற்கு இன்றும் பொருந்துகிறது. இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கே இருப்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், மேஜையில் நடக்கும் அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதைபதைப்பு ஆகிவிடுகிறது. புத்தகம் படித்தவர் குண்டு இருப்பது தெரிந்தவர். 2013 ஜூனில் அதே தொடரில் ஒரு திருமண விருந்துப் படுகொலை ஒளிபரப்பானது. நாவலில் அது 2000ஆம் ஆண்டே வந்துவிட்டது. படித்தவர்கள் பல பேர் அன்று திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த படிக்காதவர்களின் முகத்தைப் பார்த்தார்கள், வீடியோ எடுத்துக்கூடப் போட்டார்கள். விருந்தில் பாட்டு மாறுகிறது, கதவு சாத்தப்படுகிறது. படிக்காதவருக்கு அது வெறும் கதவு.

இதைப் பற்றி ஆய்வும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனை பிரபலம். 12 சிறுகதைகள். சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும், சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கதையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள், துப்பறியும் கதைகளில்கூட. ஆனால் 2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் செய்த ஆய்வு, முடிவு தெரிந்தால் ரசனை குறைகிறது என்று எதிர்த்திசையில் போனது. எனக்கு முதல் ஆய்வின் மேல் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஒரே மூச்சில் படித்து முடிக்கும் சிறுகதை வேறு, இரண்டு மாதம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து வந்த நாவல் வேறு. பத்து மணி நேரம் முதலீடு செய்தவரிடம் கொலைகாரன் யார் என்று சொல்லிப் பாருங்கள். ஆனாலும் அந்த ஆய்வின் உள்ளிருக்கும் சேதி சரியென்றே படுகிறது: திருப்பம் தெரிந்துபோனால் கதை செத்துப்போவதில்லை. அதிர்ச்சி போன இடத்தில் பதைபதைப்பு வருகிறது. எப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று கவனிக்கும் நிதானமும் வருகிறது. ஈடு கிடைக்கிறது.

ஈடு கிடைக்காத இழப்பு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அது முகம்.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் தன் புத்தகங்களில் படம் போட ஒரேயடியாக மறுத்தவர். எழுத்தில் இருக்கும் பெண் படிப்பவருக்கு ஆயிரம் பெண்களை நினைவூட்டுவாள், வரைந்துவிட்டால் அவள் ஒரே ஒரு பெண், அவ்வளவுதான் என்பது 1862இல் அவர் ஒரு கடிதத்தில் சொன்ன காரணம். அவர் பயந்தது கோட்டோவியத்துக்கு. இப்போது வருவது நடமாடும், பேசும், மூக்கைச் சுளிக்கும் முகம். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு நாவலைத் திறக்கும்போது அந்த நடிகர் நமக்கு முன்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். “உயரமானவள், மெலிந்தவள்” என்று ஆசிரியர் எழுதியிருந்தாலும் நமக்குத் தெரிவது குள்ளமான நடிகைதான்.

வாசகர் கிடக்கட்டும், எழுதியவரே தப்ப முடியவில்லை. ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் கோலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் 1975இல் முதல் நாவலில் வந்தபோது ஓட்டியது லான்சியா கார். 1987இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது, ஜான் தா நடித்தார், கார் சிவப்பு ஜாகுவார் ஆனது. அப்புறம் டெக்ஸ்டர் எழுதிய நாவல்களில் மோர்ஸ் ஓட்டுவதும் ஜாகுவார்தான். புத்தகத்தில் மோர்ஸைவிட மூத்தவராக இருந்த உதவியாளர் லூயிஸ், திரையில் நடித்தவரைப் போலவே மெல்ல இளமையாகிக்கொண்டு போனார். சொந்தமாகப் படைத்தவரின் மனத்திலேயே நடிகர் குடியேறிவிட்டார் என்றால், சும்மா பார்த்துக்கொண்டிருந்த நமக்கு என்ன கதி?

ஆகவே கணக்கு சமமாக இல்லை. படித்துவிட்டுப் பார்ப்பவர் அதிர்ச்சியைக் கொடுத்துப் பதைபதைப்பை வாங்குகிறார். பார்த்துவிட்டுப் படிப்பவர் தன் சொந்த முகங்களைக் கொடுக்கிறார், அதற்குப் பதிலாக வாங்குவது ஒன்றே ஒன்று: சௌகரியம்.

அந்தச் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சில புத்தகங்களுக்கு அது இல்லாமல் உள்ளேயே போக முடியாது. மார்ட்டினின் முதல் நாவல் ஏறத்தாழ 3 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 250 சொல் என்ற வேகத்தில் படித்தால் 20 மணி நேரம். நமக்கு இரண்டாவது மொழியான ஆங்கிலத்தில் படித்தால் இன்னும் கூடும். அதைச் சொல்லும் முதல் சீசன் பத்தே எபிசோடு, பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரம்கூடப் பெரிய விஷயமில்லை. பெயர்கள்! அத்தியாயத்துக்கு ஒரு புதுக் குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பிள்ளைகள், எப்படி உச்சரிப்பது என்றே தெரியாத பெயர்கள். ஒரு பெயரைப் படிக்கத் தெரியாவிட்டால் மனம் அதை ஒரு சின்னப் படமாக மட்டும் வைத்துக்கொள்கிறது. அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு பெயர் வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நூறு பக்கம் தாண்டுவதற்குள் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முதல் சீசன் ஒரு வரைபடம் மாதிரி. யார் எந்த ஊர், யாருக்கு யார் பகை என்பது முகத்தோடும் குரலோடும் மனத்தில் பதிந்துவிடுகிறது, அப்புறம் புத்தகம் வழுக்கிக்கொண்டு போகிறது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் சாலி ரூனியின் நார்மல் பீப்பிள். 2018இல் வந்த நாவல், 300 பக்கத்துக்கும் குறைவு. 2020இல் வந்த தொடர் அரை மணி நேர எபிசோடு பன்னிரண்டு, மொத்தம் சுமார் ஆறு மணி நேரம். நாவலைப் படிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். இந்தக் கதையில் இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் விடுவதுதான் கதை. சொல்லாமல் விட்டதை நாவல் அவர்கள் மனத்துக்குள் புகுந்து நமக்குச் சொல்கிறது, தொடர் நடிகர்களின் முகத்தில் அதைத் தேட விடுகிறது. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் முதலில் தொடரைப் பார்த்தவருக்கு நாவலில் புதிதாகக் கண்டுபிடிக்க அந்த மனங்களைத் தவிர அதிகம் இல்லை, அந்த மனங்களும் ஏற்கெனவே இரண்டு நடிகர்களின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த மாதிரிச் சின்னப் புத்தகத்தைப் படிக்காமல் பார்ப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சுருக்கத்தின் அளவையும் பார்க்க வேண்டும். விக்ரம் சேத்தின் எ சூட்டபிள் பாய் 1,300 பக்கங்களைத் தாண்டும். 2020இல் பிபிசி அதை ஆறே எபிசோடில் சொன்னது. சராசரியாக எபிசோடுக்கு 200 பக்கத்துக்கு மேல். அந்த வேகத்தில் கதை போய்ச் சேரும் இடம் தெரியும், வழியில் நின்று பேசிய பேச்சு எதுவும் இருக்காது. அந்த நாவலே வழியில் நின்று பேசுவதற்காக எழுதப்பட்டது. மாறாக, தொடர்கதையாகப் பத்திரிகையில் வந்த நாவல்கள் எபிசோடுக்கு இயல்பாகவே வளைந்து கொடுக்கின்றன. டிக்கன்ஸின் மாத இதழ்ப் பகுதிகளும், கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய பொன்னியின் செல்வனும் ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று வாசகரைக் காக்க வைத்தே வளர்ந்தவை. பொன்னியின் செல்வன் தொடராக வராமல் இரண்டு படமாக வந்தது என்பது வேறு வருத்தம், அதை இங்கே இழுக்கவில்லை.

இனி நான் அதிகம் ரசிக்கும் பகுதி. புத்தகத்தால் ஒளித்துவைக்க முடிந்து, கேமராவால் ஒளிக்க முடியாத விஷயங்கள் சில உண்டு.

மார்ட்டினின் நாவலில் பேரிஸ்டன் செல்மி என்று ஒரு வயதான மாவீரர். முதல் புத்தகத்திலேயே அரசவையிலிருந்து அவமானப்படுத்தி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் ஆள் காணாமல் போகிறார். இரண்டாவது புத்தகத்தின் கடைசிப் பகுதியில், கடல் கடந்த ஒரு ஊரில், ஆர்ஸ்டன் என்ற வெண்தாடிக் கிழவர் கையில் ஒரு கம்போடு வந்து டேனரிஸ் என்ற இளவரசியின் உயிரைக் காப்பாற்றிக் கூடவே தங்கிவிடுகிறார். பழைய கதைகள் நிறையச் சொல்வார். அவர் யார் என்று மூன்றாவது புத்தகத்தில்தான் உடைகிறது. எழுத்தில் ஒரு ஆளை மறைக்கப் பெயரை மாற்றினால் போதும். ‘கிழவர்’ என்ற சொல்லுக்கு முகம் கிடையாது. தொடரில் இது நடக்கவே நடக்காது. முதல் சீசனில் பார்த்த நடிகர் தாடியோடு வந்து நின்றாலும் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடில் அவர் வந்த அந்தக் காட்சியிலேயே பெயரைச் சொல்லி மண்டியிட வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை.

அதே கதையில் தியான் என்ற இளைஞன் 1998இல் வந்த இரண்டாவது புத்தகத்தின் முடிவில் மறைந்துவிடுகிறான். அடுத்த இரண்டு புத்தகங்களில் அவன் இல்லை. 2011இல் வந்த ஐந்தாவதில் ‘ரீக்’ என்ற தலைப்பில் ஒரு அத்தியாயம் ஆரம்பிக்கிறது. இருட்டறையில் எலியைத் தின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதன், பல் உடைந்து, விரல்கள் போய், தன் பழைய பெயரை நினைக்கவே நடுங்குபவன். சில பக்கங்கள் போன பிறகே அது யார் என்று உறைக்கிறது. 13 வருட இடைவெளி அந்த அத்தியாயத்துக்குள் இருக்கிறது. தொடர் அந்த இடைவெளியை வைத்துக்கொள்ளவில்லை. நடிகரை இரண்டு சீசன் வீட்டில் உட்கார வைக்க முடியாது, பார்ப்பவரும் மறந்துபோவார். ஆகவே சித்திரவதையை எபிசோடு எபிசோடாகக் காட்டினார்கள். புத்தகம் காட்டாமல் விட்டதைப் பார்த்த எனக்கு அந்தப் பகுதிகள் சலிப்பாகத்தான் இருந்தன.

மார்கரெட் அட்வுட்டின் த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் (1985) இன்னும் நுட்பமானது. கதை சொல்லும் பெண்ணின் உண்மையான பெயர் நாவலில் எங்கேயும் நேரடியாகச் சொல்லப்படாது. பெயரைப் பறித்துவிட்ட ஆட்சி பற்றிய கதை, ஆகவே நமக்கும் பெயர் கிடையாது. முதல் அத்தியாயம் ஐந்து பெண்களின் பெயர்களோடு முடியும், அதில் கடைசிப் பெயர் ஜூன். மற்ற பெயர்களுக்கெல்லாம் பின்னால் ஆள் கிடைத்துவிடுகிறது, ஜூனுக்கு மட்டும் கிடைப்பதில்லை. அப்படியானால் கதை சொல்பவள்தான் ஜூன் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். 2017இல் வந்த தொடர் முதல் எபிசோடின் முடிவில் அவள் வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்ல வைத்தது. திரையில் அது நன்றாகவே இருக்கிறது, எதிர்ப்புக் குரல் மாதிரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நாவலுக்குப் போகிறவர், பெயரில்லாத ஒருத்தியோடு முந்நூறு பக்கம் இருந்த அனுபவத்தைத் திரும்பப் பெற முடியாது.

வரிசையை மாற்றுவதும் இந்த வகைதான். மின் ஜின் லீயின் பச்சிங்கோ 1910இல் தொடங்கி 1989 வரை தலைமுறை தலைமுறையாக நேர்கோட்டில் போகும் நாவல். 2022இல் வந்த தொடர் ஆரம்பத்திலிருந்தே 1989ஐயும் பழைய காலத்தையும் மாற்றி மாற்றிப் பின்னுகிறது. கதாநாயகி சுன்ஜாவைக் கிழவியாக முதலிலேயே பார்த்துவிடுகிறோம். சிறுமி சுன்ஜாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் தொடரில் இல்லை. இருப்பது, இவ்வளவையும் தாண்டியா இந்தக் கிழவி வந்தாள் என்ற ஆச்சரியம். இங்கே தொடரை முதலில் பார்ப்பவர் ஒரு திருப்பத்தை இழப்பதில்லை, நாவலின் நடையையே, காலம் மெதுவாகக் கடந்துபோகும் அந்த உணர்வையே இழக்கிறார்.

புத்தகம் என்றாலே எது புத்தகம் என்ற சிக்கலும் உண்டு. லியூ சிசினின் மூன்று உடல் நாவல் சீன மொழியில் 2008இல் புத்தகமாக வந்தபோது, கலாசாரப் புரட்சிக் காலப் பகுதி நடுவில் வைக்கப்பட்டிருந்தது. அரசியல் சிக்கல் வராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியர் முதலில் நினைத்தபடியே அதை முன்னால் கொண்டுவந்தது. நெட்ஃப்ளிக்ஸின் 2024 தொடரும் அந்தக் காட்சியில்தான் ஆரம்பிக்கிறது. சரி, ஆரம்பம் ஒன்று என்று நம்பி உட்கார்ந்தால், அடுத்த புத்தகங்களில் வரவேண்டிய ஆட்களையெல்லாம் முதல் எட்டு எபிசோடிலேயே பழைய நண்பர்களாக உலவவிட்டிருக்கிறார்கள். முதல் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இரண்டாவது, மூன்றாவது புத்தகங்களின் விஷயம் இங்கேயே கசிந்துவிடும். அதற்கு ஓராண்டு முன் சீனாவில் வந்த 30 எபிசோடு தொடரோ முதல் புத்தகத்தோடு நெருக்கமாக ஒட்டிப் போகிறது. ஆக, எந்தத் தொடர் என்று தெரியாமல் ‘முதல் புத்தகம் படித்தால் போதுமா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

புத்தகம் முடியாமல் இருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2016இல் ஆறாவது சீசனில் நாவல்களைத் தாண்டிப் போய்விட்டது. அதுவரை பெருமையாக மௌனம் காத்த வாசகர்கள் திடீரென்று எல்லோரையும் போல விழித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹோடோர் என்ற ஒரே சொல்லை மட்டும் பேசும் மனிதனின் பெயர் ரகசியத்தைத் தொடர்தான் முதலில் அவிழ்த்தது. இருபது வருடமாகப் புத்தகத்தோடு காத்திருந்தவர்களுக்குத் தொலைக்காட்சி முடிவைச் சொல்லிவிட்டது. தொடர் 2019இல் 73 எபிசோடோடு முடிந்துவிட்டது, ஆறாவது புத்தகம் இன்னும் வரவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: லியான் மோரியார்ட்டியின் பிக் லிட்டில் லைஸ் நாவல் 2017இல் வந்த முதல் சீசனோடு முடிந்துவிட்டது. 2019இல் இரண்டாவது சீசன் வந்தது, படிக்கப் புத்தகம் இல்லை. படித்திருப்பவருக்கு இதில் ஒரு லாபம், கதை எங்கே முடிந்தது என்று தெரியும். வேண்டுமானால் அங்கேயே எழுந்து போய்விடலாம்.

‘தொடர் விட்ட இடத்திலிருந்து புத்தகத்தைத் தொடர்ந்தால் போதாதா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் போதாது. இருவர் சேர்ந்து எழுதிய த எக்ஸ்பேன்ஸ் விண்வெளி நாவல்கள் மொத்தம் ஒன்பது. தொடர் ஆறு சீசனோடு 2022இல் நின்றது, ஏறக்குறைய ஆறாவது புத்தகம் வரை. ஏழாவதில் இருந்து எடுத்தால் சரியாக இருக்கும் என்றுதான் தோன்றும். அந்தத் தொடரின் எழுத்து அறையில் நாவலாசிரியர்கள் இருவருமே இருந்தார்கள், மாற்றங்களைத் தெரிந்தே செய்தார்கள். நாவலில் இரண்டாவது புத்தகத்தில்தான் வரும் அவசரலா என்ற அரசியல்வாதியை முதல் எபிசோடிலேயே கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் மூன்று நான்கு பேர் செய்யும் வேலையைத் திரையில் டிரம்மர் என்ற ஒரே பெண் செய்கிறாள். சம்பளப் பட்டியலும் குறையும், பார்ப்பவருக்கும் நினைவில் வைத்துக்கொள்ள எளிது. ஆனால் ஏழாவது புத்தகத்தைத் திறந்து, தொடரில் பார்த்த டிரம்மரைத் தேடினால் அங்கே இருப்பது வேறு ஆள். அதனால் முதல் புத்தகத்திலிருந்தே ஆரம்பிப்பது நல்லது. தெரிந்த கதைதானே என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை, அவ்வளவு தெரிந்த கதையாக அது இருக்காது.

படித்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. எனக்கும் இருக்கிறது. கணக்குப்பிள்ளை வியாதி. அந்த வசனம் எங்கே, அந்தத் தம்பி எங்கே, தலைமுடி கறுப்பு என்றுதானே எழுதியிருந்தது என்று மனம் வரவு செலவு பார்த்துக்கொண்டே இருக்கும். நேற்று புத்தகத்தை முடித்துவிட்டு இன்று தொடரைப் போட்டால் இது உச்சத்தில் இருக்கும். தொடர் வரப்போகிறது என்று அவசர அவசரமாக முந்தைய வாரம் படித்து முடிப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக மோசமான வழி. புத்தகம் முழுசாக உள்ளே இறங்கியிருக்காது, தொடரையும் திருத்தப் பேனாவோடு பார்ப்போம். ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி விட்டுப் பார்க்கும்போது விவரங்கள் உதிர்ந்துபோய், கதையின் சாயல் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த மறதி பெரிய வரம். பார்த்துவிட்டுப் படிப்பவர்களின் வியாதி வேறு: படிப்பதே இல்லை. கதைதான் தெரியுமே என்று புத்தகம் அலமாரியிலேயே இருந்துவிடும்.

நான் இப்போதெல்லாம் செய்வது இதுதான். தொடர் அறிவிப்பு வந்ததும் நாவலின் முதல் இருபது பக்கம் மட்டும் படிப்பேன். மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் என்ன நினைவிருக்கிறது என்று பார்ப்பேன். சம்பவம்தான் நினைவிருக்கிறது, பிணம் கிடந்தது, கடிதம் வந்தது என்றால், தொடரைத் தயக்கமில்லாமல் முதலில் பார்க்கலாம், அந்தக் கதையின் பலம் திரைக்கு அப்படியே போய்ச் சேரும். சம்பவம் மறந்து, சொன்ன விதமோ ஒரு வாக்கியமோ சொல்பவரின் குரலோ காதில் இருந்தால், தொடரை ஒத்திவைத்துவிட்டுப் புத்தகத்தை முடிப்பேன். கூட்டம் அதிகமான மகாகதை என்றால் முதல் சீசன் மட்டும் பார்த்துவிட்டு, அங்கேயே நிறுத்தி, புத்தகத்துக்குத் திரும்பி, முதல் பக்கத்திலிருந்து. அந்த நிறுத்தம்தான் கஷ்டம். அடுத்த எபிசோடு தானாக ஓடுவதற்குச் சில விநாடிதான் தருகிறார்கள்.

அக்கா அப்படி நிறுத்தவில்லை. 73 எபிசோடையும் பார்த்துத் தீர்த்தாள். இரண்டு வருடம் கழித்து, ஒரு மழை விடுமுறையில் என்னிடமிருந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. எல்லா முகமும் பார்த்தாகிவிட்டது, எல்லா மரணமும் தெரியும், இனி அவளுக்கு இதில் என்ன மிச்சம் இருக்கும்?

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. மூன்றாவது புத்தகத்தில் இருந்தாள்.

“இந்த ஆர்ஸ்டன்னு ஒரு கிழவர் வர்றாரே, யாரு இவரு? தொடர்ல இப்படி ஒரு ஆளே கிடையாதே!”

நான் பதில் சொல்லவில்லை.

“ஏய், ஏன் பேச்சையே காணோம்?”